கடையில் தொடங்கி பப்பில் முடியும் பேச்சு

பெங்களூரின் பழைய கடைத்தெருவைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு பீர் கோப்பையில் வந்து நிற்கிறது. அதற்குக் காரணம் பீர் மட்டும் அல்ல.

பெங்களூரில் இளமையைக் கழித்து இப்போது தலை நரைத்துவிட்ட நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் போதும். முதலில் கடைகளின் பட்டியல் தொடங்கும். பிரிகேட் ரோடு நீல்கிரீஸில் கிடைத்த ரொட்டி, எம்.ஜி. ரோடு ஹிக்கின்பாதம்ஸ், கமர்ஷியல் தெருவின் துணிக்கடைகள் என்று வரிசையாகப் போகும். எந்தக் கடை எந்த மூலையில் இருந்தது என்பதில் ஒரு சின்னச் சண்டை மூளும். சண்டையைத் தீர்க்க ஒருவர் அடையாளம் சொல்வார்: “அதற்குப் பின்னால் ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில்தானே பெக்கோஸ்?” அவ்வளவுதான். கடைகள் மறைந்துவிடும். அடுத்த இரண்டு மணி நேரம் பேச்சு முழுக்க பப்தான். எந்த மாடியில் எந்தப் பாட்டு ஒலித்தது, யார் காசு கொடுக்காமல் நழுவினார், யாருடைய காதல் எந்த மேசையில் முறிந்தது...

கடைகளை நினைத்துத் தொடங்கிய ஏக்கம் ஏன் இப்படித் தடம் மாறுகிறது? குடியின் மீதுள்ள ஆசை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்தக் கூட்டத்தில் மதுவை விட்டுப் பல ஆண்டுகளானவர்களும் இருப்பார்கள். அவர்கள்தான் அதிகம் பேசுவார்கள்.

பட்டாளமும் பீப்பாயும்

பெங்களூரில் கடையும் பீரும் ஒரே வண்டியில் வந்தவை. 1809இல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தார்கள். பட்டாளத்தின் பின்னால் தமிழ்ப் பகுதிகளிலிருந்து சிப்பாய்கள், சமையல்காரர்கள், கட்டடத் தொழிலாளிகள், வியாபாரிகள் வந்து சேர்ந்தார்கள். அல்சூர், சிவாஜி நகர் பக்கம் இன்றும் தெருவில் கேட்கும் தமிழுக்கு வயது 200 ஆண்டுகளுக்கு மேல். துரைமார்கள் மாலையில் உலாவிய சவுத் பரேட்தான் பிற்பாடு மகாத்மா காந்தி ரோடு ஆனது. சிவாஜி நகரில் 1927இல் ரஸல் மார்க்கெட் கட்டப்பட்டது. முத்துசாமி முதலியார் 1905இல் நீலகிரி மலையில் வெண்ணெய்க் கடையாகத் தொடங்கிய நீல்கிரீஸ், 1936இல் பிரிகேட் ரோட்டுக்கு வந்தது.

பட்டாளத்துக்கு வெண்ணெய் போலவே பீரும் வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே பெங்களூரிலும் நீலகிரியிலும் வடிப்பாலைகள் இயங்கின. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய வடிப்பாலைகள் சிலவற்றை ஒன்றிணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். மாட்டு வண்டிகளில் பெரிய பீப்பாய்கள் படை முகாம்களுக்குப் போயின. கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்கு அருகே 1933இல் தொடங்கிய டூயர்ஸ் பார், பிரம்பு நாற்காலிகளும் ஈரல் வறுவலுமாகப் பல தலைமுறைகளைப் பார்த்தது. இன்று அது இல்லை.

பப் என்ற பெயரில் கடைகள் முளைத்தது 1980களின் பிற்பகுதியில்தான். பெக்கோஸ் 1989இல் தொடங்கியது. சுவரெங்கும் ராக் இசைக் கலைஞர்களின் படங்கள், மங்கலான வெளிச்சம், குழாயிலிருந்து பிடித்துத் தரும் பீர். சர்ச் தெருவில் ‘நாசா’ என்ற பப் விண்கலத்தின் உட்புறம் போலவே அமைக்கப்பட்டிருந்தது. 1985இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்து கம்ப்யூட்டர் வேலைகளுக்குக் கதவு திறந்திருந்தது. கையில் முதல் சம்பளம், வீட்டிலிருந்து தூரம், பகல் முடிந்தால் போக்கிடம் இல்லாத வாடகை அறை. இப்படிப்பட்ட இளைஞர் கூட்டம் ஒன்று நகரத்தில் நிரம்பத் தொடங்கிய நேரம் அது.

எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது இன்னும் பெரிய அதிசயம். தமிழகத்தில் 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டும் வந்து, பிறகு மறுபடியும் தளர்ந்தது. குடி என்பது ஒளித்துச் செய்யும் காரியமாகவே இருந்தது. பெர்மிட், திரை போட்ட அறை, குனிந்த தலை. அங்கிருந்து ரயிலேறி வந்த சென்னை இளைஞனுக்கு, தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆணும் பெண்ணுமாகச் சிரித்துப் பேசுவதே போதை தந்தது. பீர் அதற்குப் பிறகுதான்.

உட்கார இடம் கொடுத்தவர்கள்

பப் என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். பொது வீடு. தமிழுக்கு இது புதிய சொல்லே அல்ல. பொது, இல் என்ற இரண்டும் சேர்ந்து சங்க காலத்திலேயே ‘பொதியில்’ என்றொரு சொல் இருந்தது. ஊரார் கூடி உட்காரும் மன்றத்துக்குப் பெயர் அது. மது அதன் இலக்கணத்தில் இல்லை. உட்காரும் உரிமைதான் இருந்தது.

விடை இங்கேதான் இருக்கிறது. கடை என்பது வாங்கிவிட்டுக் கிளம்ப வேண்டிய இடம். ரொட்டியின் ருசி நினைவிருக்கும். ஆனால் ரொட்டிக் கடையில் நமக்கு நடந்தது என்று சொல்ல ஒன்றும் இருக்காது. பப்பில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுவதும் உட்காரலாம். கதை நடப்பதற்கு நேரம் வேண்டும், நாற்காலியும் வேண்டும். பெங்களூர்க்காரர்களின் நினைவு பப் பக்கம் ஓடுவது அதனால்தான்.

இதற்குச் சாட்சி மதுவே இல்லாத இரண்டு இடங்கள். எம்.ஜி. ரோடு இந்தியா காபி ஹவுஸ் ஒன்று. தலைப்பாகை கட்டிய பணியாளர்கள், ஒரு காபிக்கு ஒரு மணி நேரம். 2009இல் அங்கிருந்து கிளம்பி சர்ச் தெருவுக்கு இடம் மாறியது. இன்னொன்று பிரீமியர் புத்தகக் கடை. உட்கார அல்ல, நிற்கவே அங்கே இடம் கிடையாது. புத்தகங்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஒன்றை உருவினால் பத்து சரியும். ஆனால் உரிமையாளர் டி.எஸ். ஷான்பாக் வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் ரசனையையும் அறிந்தவர். கேட்காமலே விலையைக் குறைப்பார். அந்தக் கடையும் 2009இல் மூடப்பட்டது. 2021இல் ஷான்பாக் மறைந்தபோது எழுத்தாளர்களும் வாசகர்களும் சொந்தக்காரரை இழந்தவர்கள் போல எழுதினார்கள். பப் நினைவுகளோடு போட்டியிட்டு ஜெயிக்கக்கூடிய கடை, நம்மை அடையாளம் தெரிந்த கடைதான்.

மற்றவை சத்தமில்லாமல் போயின. 1936 முதல் ஆங்கிலப் படங்கள் காட்டிய பிளாஸா தியேட்டர் இருந்த இடத்தில் மெட்ரோ நிலையம் எழுந்தது. 2011 அக்டோபரில் எம்.ஜி. ரோட்டுக்கு ரயில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், நகர நடுவில் யுனைடெட் புரூவரீஸின் பழைய வடிப்பாலை இருந்த நிலத்தில் 2008இல் திறக்கப்பட்டது ஒரு கடைத்தொகுதி. யூ.பி. சிட்டி என்று பெயர். வெளிநாட்டுக் கைப்பைகளும் கைக்கடிகாரங்களும் விற்கும் இடம். பீர் இருந்த இடத்துக்குக் கடை வந்துவிட்டது. ஆனால் அதை நினைத்து யாரும் ஏங்குவதாகத் தெரியவில்லை.

யாரும் நினைக்காத கடை

இந்த இனிய நினைவுகளில் ஓர் ஓட்டையும் உண்டு. அதே ஆண்டுகளில் அதே நகரத்தில் சாராயக் கடைகள் இருந்தன. கட்டடங்களைக் கட்டியவர்களும் மூட்டை தூக்கியவர்களும் அங்கேதான் குடித்தார்கள். அவர்களில் தமிழர்களும் ஏராளம். 2007 ஜூலை 1 முதல் கர்நாடகம் சாராயத்தைத் தடை செய்தது. அந்தக் கடைகளுக்காக ஏங்கி எழுத ஆளில்லை. கூலி அங்கேயே கரைந்துபோன வீடுகளில் பெண்கள் அவற்றை நினைப்பது வேறு விதமாக. கோப்பை ஒன்றுதான் என்றாலும் ஒருவருக்கு அது மலரும் நினைவு, இன்னொருவருக்கு அடமானம் போன தாலி.

பொது வீடு எல்லோருக்கும் பொதுவாகவும் இருந்ததில்லை. 2009 ஜனவரியில் இதே மாநிலத்தின் மங்களூரில் ஒரு பப்புக்குள் புகுந்த கும்பல், அங்கிருந்த இளம்பெண்களைத் துரத்தித் துரத்தி அடித்தது. பெண் எங்கே உட்காரலாம் என்பதை மற்றவர்கள் முடிவு செய்யும் நாட்டில், ‘அந்தக் காலத்தில் பெங்களூரில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்’ என்று ஒரு பெண் நினைவுகூர்ந்தால் அவள் பேசுவது பீரைப் பற்றி அல்ல.

2017 ஜூலையில் பெங்களூர்க்காரர்களுக்கு ஓர் ஒத்திகை கிடைத்தது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுப்பது நோக்கம். நகரத்துக்குள் ஓடும் சாலைகளும் ஏட்டில் நெடுஞ்சாலைகளாக இருந்ததால் எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு, சர்ச் தெரு வட்டாரத்து பப்கள் பூட்டப்பட்டன. நகராட்சி எல்லைக்குள் இருக்கும் சாலைகளுக்குத் தடை முழுமையாகப் பொருந்தாது என்று நீதிமன்றம் விளக்கிய பிறகு அவை மெல்லத் திறந்தன. அந்த இடைவெளியில் வேலையின்றி நின்றவர்கள் நினைவுக் கதைகளில் பெயரே இல்லாத பணியாளர்கள்.

இப்போது இந்திரா நகரிலும் கோரமங்கலாவிலும் தாங்களே பீர் வடிக்கும் பெரிய பப்கள் வந்திருக்கின்றன. பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு கோப்பையோடு சாயங்காலத்தைக் கழிப்பது இன்றைய மாணவனின் பைக்கு எட்டாது. கடைகளோ செல்போனுக்குள் போய்விட்டன.

சர்ச் தெருவுக்கு 2018இல் கல் பாவி, நடப்பதற்கு அகலமாக இடம் விட்டார்கள். மாலை வேளைகளில் அங்கே ஓரமாக இளைஞர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். கையில் பழைய புத்தகம், காகிதக் கோப்பையில் டீ. எழுந்து போகச் சொல்ல யாரும் இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்து இவர்கள் கடைகளைப் பற்றிப் பேச உட்காரும்போது, பேச்சு அந்தக் கல் திட்டுக்குப் போய்விடும். அதுவரை அதை யாரும் பெயர்க்காமல் இருந்தால் சரி.