பத்தியம் முறிந்த மறுநாள்

தமிழகத்தை விட்டு வடக்கே வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்குத் தீபாவளி ஒன்றன்று, இரண்டு. விடியுமுன் எண்ணெய் நீராடிப் புத்தாடை உடுத்து நாம் கொண்டாடுவது ஒன்று. மாலையில் இலட்சுமி பூஜை முடித்து அண்டை வீட்டார் தட்டில் ஏந்தி வருவது மற்றொன்று. அதிரசமும் மைசூர்பாகும் நம்முடையவை. காஜு கத்லியும் சோன்பப்டியும் அவர்களுடையவை. அலுவலகத்தார் தரும் பெட்டிகளின் கணக்குத் தனி. சோற்றையும் இனிப்பையும் குறைத்து, மாவுச்சத்துக் குறைந்த உணவை ஆறு மாதம் தவறாது கடைப்பிடித்து வந்த ஒருவர், இந்த நான்கு நாட்களில் மூக்கு முட்ட உண்டு பத்தியத்தை முறித்துவிட்டார் என்றால் அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஐந்தாம் நாள் காலையில் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

நம்மவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்யக் காண்கிறோம். சிலர், “முறிந்தது முறிந்ததுதான், பொங்கல் கழியட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம்” என்று தள்ளிப் போடுகிறார்கள். வேறு சிலர், செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் போல இரண்டு நாள் முழுப் பட்டினி கிடக்கிறார்கள். இரண்டுமே தவறு, இரண்டாவதில் சிலருக்கு உயிராபத்தும் உண்டு.

இவ்விரு வகையினரையும் முதலில் கலங்கச் செய்வது எடை காட்டும் கருவியே. நான்கே நாட்களில் இரண்டு கிலோ ஏறிவிட்டதே என்று மனம் உடைகிறது. அந்த இரண்டு கிலோ எதனால் ஆனது என்று சற்றே பொறுமையுடன் பார்ப்போம். நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைகோஜன் என்னும் பொருளாக மாற்றி ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. ஈரலில் ஏறத்தாழ 100 கிராம், தசைகளில் ஏறத்தாழ 400 கிராம் என்பது பொதுவான அளவு. இப்பொருள் தனியே தங்குவதில்லை. ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்துக்கொள்கிறது. பத்தியம் காத்த மாதங்களில் வற்றியிருந்த இந்தக் களஞ்சியம் பண்டிகையில் நிரம்புகிறது. உடன் நீரும் சேருகிறது. முறுக்கும் மிக்சரும் தந்த உப்பு மேலும் சிறிது நீரைத் தேக்குகிறது. ஒரு கிலோ கொழுப்பு உடலில் புதிதாகச் சேர வேண்டுமானால் அன்றாடத் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உண்டாக வேண்டும். எவ்வளவு பெரிய தீபாவளியானாலும் ஒரே நாளில் அது எளிதன்று. ஆதலால் ஏறிய எடையில் பெரும்பங்கு நீரே. பழைய உணவுக்குத் திரும்பிய ஒரு வாரத்துக்குள் அது தானே வடிந்துவிடும். அதுவரை அந்தக் கருவியை அலமாரிக்கு அடியில் தள்ளி வைப்பது மன அமைதிக்கு நல்லது.

தள்ளிப் போடுவோர் விஷயத்துக்கு வருவோம். 1975-ஆம் ஆண்டில் ஹெர்மன், மாக் என்னும் உளவியலார் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். உணவில் கட்டுப்பாடு காத்து வருவோர் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை வைத்து வேண்டியமட்டும் உண்ணச் சொன்னார்கள். பானம் அருந்தியவர் வயிறு நிறைந்து குறைவாக உண்பர் என்றுதானே நினைப்போம்? கட்டுப்பாடு உடையவர்களோ, பானம் அருந்தாதபோது உண்டதைக் காட்டிலும் அருந்திய பிறகு மிகுதியாக உண்டார்கள்! வேலி ஓரிடத்தில் முறிந்ததும், இனிக் காவல் எதற்கு என்று மனம் கைவிட்டுவிடுகிறது. நம் வீடுகளில் “பொங்கல் கழியட்டும்” என்பதும் இதுவே.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இதில் ஒரு கணக்கும் அடங்கியிருக்கிறது. ஹெச்பிஏ1சி என்னும் இரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது. நான்கு நாள் விருந்து அதில் பெரிதாகத் தெரியாது. ஆனால் தீபாவளி முதல் பொங்கல் வரை ஏறத்தாழ இரண்டரை மாதம். அவ்வளவும் அதில் ஒன்றுவிடாமல் பதிவாகிவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் துணைநின்ற ஆய்வொன்று 2023-இல் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கு மேல்; கிராமப்புறங்களில் நூற்றுக்கு 8.9 பேர், நகரங்களில் 16.4 பேர். பிழைப்பின் பொருட்டு வெளியூர் சென்ற நம்மவர் பெரும்பாலும் குடியிருப்பது நகரங்களில் அன்றோ?

பட்டினி கிடப்போருக்கு நாம் சொல்வதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை உண்போரும் வழக்கம்போல் மருந்தை எடுத்துக்கொண்டு உணவை நிறுத்தினால், இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது பத்தியம் பார்க்கலாகாது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருக வேண்டும். கால் மணி நேரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உண்போர் பட்டினி கிடந்தாலோ மாவுச்சத்தை அறவே விட்டாலோ, சர்க்கரை மிகுதியாக ஏறாத நிலையிலும் இரத்தத்தில் அமிலம் பெருகும் கேடு நேரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு தோன்றினால் தாமதிக்கலாகாது. விருந்து உண்டதற்கு ஈடாக மாத்திரையை இரட்டிப்பாக்குவோரும் உண்டு. அதையும் மருத்துவரைக் கேளாமல் செய்யலாகாது.

அப்படியானால் செய்ய வேண்டியது யாது? அடுத்த வேளைக்கே பழைய உணவுக்குத் திரும்புவதுதான். திங்கட்கிழமையும் வேண்டாம், அமாவாசை கழிந்த நல்ல நாளும் வேண்டாம். நன்றாகப் பசித்த பின் உண்க என்பது வள்ளுவர் காட்டிய நெறி. மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களில் ஆறு உணவைப் பற்றியே பேசுகின்றன. காலையில் பசி இல்லையேல், மருந்துக் கட்டாயம் இல்லாதவர் மோர் பருகிவிட்டு நண்பகல் வரை பொறுப்பதில் தவறில்லை. (நம் முன்னோரும் இதை அறிந்தே தீபாவளி லேகியம் கிளறினார்கள், அந்த லேகியத்திலும் வெல்லம் இருக்கிறது என்பதை மட்டும் அன்பர்கள் மறக்க வேண்டாம்.)

இங்கே வடக்கத்திய வாழ்வு நமக்குத் தந்த ஒரு மயக்கத்தையும் தெளிவாக்க வேண்டும். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் அதுவே பத்தியம் என்று பலர் எண்ணுகிறார்கள். 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால், கோதுமை மாவில் 65 முதல் 70 கிராம் வரை இருக்கிறது. கேழ்வரகும் அதற்குப் பெரிதும் பின்தங்கியதன்று. மேற்சொன்ன ஆய்வின் தொடர்ச்சியாக 2025-இல் வெளிவந்த அறிக்கை, இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது. மொத்த அளவைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றுவதால் பயன் காணவில்லை என்றும், அதில் ஒரு பங்கைப் பருப்பு, பால் வகைப் புரதத்துக்கு விட்டுக்கொடுத்தால் நீரிழிவு வரும் வாய்ப்புக் குறைகிறது என்றும் அது கண்டது.

நல்ல வேளையாக, வடநாட்டுச் சந்தை தீபாவளிக்குப் பிறகுதான் நம் பக்கம் சாய்கிறது. மேதி என்று இங்கே கூறப்படும் வெந்தயக்கீரை, பாலக், பத்துவா, கடுகுக்கீரை, வெள்ளை முள்ளங்கி, காலிபிளவர் யாவும் குளிர் தொடங்கியதும் மலிந்து வருகின்றன. மேதியைப் பாசிப்பருப்புடன் கூட்டாக்கலாம். காலிபிளவரைத் தேங்காய் தூவிப் பொரியலாக்கலாம். முள்ளங்கி சாம்பாருக்கென்றே பிறந்தது. தட்டில் பாதி இவை நிரம்பட்டும். கால் பங்கு பருப்போ, பனீரோ, முட்டையோ, மீனோ இருக்கட்டும். மிஞ்சிய இடத்தில்தான் சோறு. ஒரு கிண்ணச் சோற்றில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து என்பது நினைவிருந்தால் இரண்டாம் முறை கேட்கத் தயக்கம் தோன்றும். காயையும் பருப்பையும் முதலில் உண்டு சோற்றைக் கடைசியில் உண்டால் சர்க்கரை மெதுவாகவே ஏறும். உண்ட பின் கால் மணி நேரம் நடப்பதும் அதே நன்மையைத் தரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

திரும்பிய முதல் இரண்டு மூன்று நாட்களில் தலைவலியும் சோர்வும் இனிப்பின் மேல் ஏக்கமும் தோன்றுவதுண்டு. தேங்கிய நீர் வடியும்போது உப்பும் உடன் போவதே இதற்கு ஒரு காரணம். உப்பிட்ட மோரும் மிளகு ரசமும் போதும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்போர் மட்டும் உப்பைக் கூட்டலாகாது.

எஞ்சிய இனிப்பு வீட்டில் இருக்கும் வரை இத்தனையும் வீண் பேச்சே. பிரிக்காத பெட்டிகளைக் காவலாளிக்கும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கும், பிள்ளைகளின் நண்பர்களுக்கும் அன்றே கொடுத்துவிடலாம். அண்டை வீட்டார் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரலாகாது என்பது அவர்களுக்கும் நமக்கும் பொதுவான வழக்கம். அதில் இனிப்புக்கு மாற்றாகக் கொண்டைக்கடலைச் சுண்டலை வைத்து அனுப்பிப் பாருங்கள். அவர்கள் வீட்டிலும் பத்தியம் முறிந்த ஒருவர் இருக்கக்கூடும். கார்த்திகைக்குப் பொரியுருண்டை பிடிப்போர் அதை இரவுச் சோற்றுக்குப் பின் உண்ணாமல், அன்றிரவு சோற்றுக்குப் பதிலாக ஓர் உருண்டையும் நிறையக் கூட்டும் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.