கொட்டகையில் கிடக்கும் துரை வண்டி

செம்மண் பாதையில் அந்த எஞ்சின் சத்தம் கேட்டாலே போதும்; “துரை வர்றாரு” என்று நிரைக்கு நிரை செய்தி பறக்கும். குருண், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்களுக்கு லேண்ட் ரோவர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சத்தமும், அதற்குப் பின்னால் வந்த அதட்டலும்தான்.

பின்னர் தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. ரப்பர் போய் செம்பனை வந்தது. துரையின் பழைய வண்டி ஓட்டுநரிடமோ, மெக்கானிக்கிடமோ, ஏலம் எடுத்தவரிடமோ போய்ச் சேர்ந்தது. பல வண்டிகள் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போய்விட்டன. மிஞ்சியவற்றைத் தேடித்தான் இப்போது சேகரிப்பாளர்களும் தரகர்களும் அலைகிறார்கள். உங்கள் வீட்டுக் கொட்டகையில் அப்படி ஒன்று கிடந்தால், விலை பேசும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

எந்தக் காலத்து வண்டி?

லேண்ட் ரோவர் முதன்முதலாக 1948 ஏப்ரல் 30ஆம் தேதி அம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. போருக்குப் பிந்திய பிரிட்டனில் இரும்புத் தட்டுப்பாடு இருந்ததால் அதன் உடற்பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் இராணுவத்துக்கும் தோட்டங்களுக்கும் மேடுபள்ளம் பார்க்காத வண்டி தேவைப்பட்டது.

முதல் வரிசை 1958 வரை வந்தது. அதன்பின் இரண்டாம் வரிசை. 1961 முதல் 1971 வரை ‘2ஏ’. 1971 முதல் 1985 வரை மூன்றாம் வரிசை. ‘டிஃபெண்டர்’ என்ற பெயர் 1990இல்தான் ஒட்டிக்கொண்டது. பொதுவாக முதல் வரிசைக்கே சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம்.

விலை ஏறிய கதை

2016 ஜனவரி 29ஆம் தேதி சோலிஹல் தொழிற்சாலையில் கடைசிப் பழைய டிஃபெண்டர் வெளிவந்தது. இனி வராது என்று தெரிந்ததும் பழையவற்றின் மேல் கண்கள் திரும்பின. அதற்குச் சில வாரங்கள் முன்பு, இருபது இலட்சமாவது வண்டி அறநிதிக்காக ஏலம் விடப்பட்டு 4 இலட்சம் பவுண்டுக்குப் போயிருந்தது. 2016இல் நிறுவனமே 25 முதல் வரிசை வண்டிகளைப் புதுப்பித்து விற்க முன்வந்தது. 2018இல் 150 வண்டிகளை மட்டும் வி8 எஞ்சினுடன் தயாரித்து, 1,50,000 பவுண்டிலிருந்து விலை வைத்தது.

டொயோட்டாவின் 40 வரிசை லேண்ட் குரூஸருக்கும் இதே கதைதான். 1960 முதல் 1984 வரை வந்த அந்த வண்டிக்கு உதிரிப் பாகங்களை மீண்டும் தயாரிக்கப்போவதாக 2021இல் டொயோட்டா அறிவித்தது.

இந்தப் பவுண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு நம் கொட்டகை வண்டிக்கும் அதே விலை என்று நினைத்துவிடக்கூடாது. அவை தனிச்சிறப்பான விற்பனைகள். கோவிட் காலத்தில் சூடேறிய சேகரிப்பு வாகனச் சந்தை அதன்பின் பல நாடுகளில் தணிந்தும் இருக்கிறது. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து இதில் போடுவது புத்திசாலித்தனம் அல்ல.

கிராண்ட் எங்கே?

நம் நாட்டில் விலையைத் தீர்மானிப்பதில் காகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய வாகனத்தை வெளிநாட்டிலிருந்து நினைத்தவுடன் இறக்கிவிட முடியாது. ஏபி எனப்படும் இறக்குமதி உரிமம் வேண்டும், அதன்மேல் வரிகள். ஆகவே, இங்கேயே பதிவாகி, கிராண்ட் ஒழுங்காக இருக்கும் வண்டிக்குக் கிராக்கி கூடுகிறது. கிராண்ட் இல்லாத வண்டியை உதிரிப் பாகமாகத்தான் பார்ப்பார்கள்.

பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். அப்பா பெயரில் வண்டி இருந்து அவர் காலமாகியிருந்தால், வாரிசுரிமைக்கான ஆணையை முதலில் பெற வேண்டும். இன்னும் தோட்ட நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தால், அந்தச் சிக்கலைத் தீர்க்காமல் முன்பணம் வாங்காதீர்கள்.

வாழவைத்ததே விலையைக் குறைக்கும்

உதிரிப் பாகம் கிடைக்காத காலத்தில் நம் மெக்கானிக்குகள் ஜப்பான் டீசல் எஞ்சினைப் பொருத்தி இந்த வண்டிகளை ஓடவைத்தார்கள். அந்தக் கைவேலை இல்லையென்றால் பல வண்டிகள் எப்போதோ மண்ணாகியிருக்கும். ஆனால் சேகரிப்பாளர் கேட்பது பிறந்தபோது இருந்த எஞ்சினை. எனவே கழற்றிப் போட்ட பழைய எஞ்சின், கியர் பெட்டி, விளக்கு, மீட்டர் எதையும் எடைக்குப் போடாதீர்கள். வண்டியோடு சேர்ந்தால்தான் அவற்றுக்கு மதிப்பு.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்பி ஏமாறவும் வேண்டாம். அடியிலுள்ள சேஸியும், எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடும் இரும்பு. உரமூட்டை ஏற்றிய தோட்டத்து வண்டியில் அரிப்பு அதிகம் இருக்கலாம். மேலே பளபளவென்று சாயம் அடிப்பதைவிட, அடியைக் காட்டிப் பேசுவதே நேர்மை, விலையும் நிற்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள். அந்த வண்டி எந்தத் தோட்டத்தில் ஓடியது, யார் ஓட்டினார்கள், யார் பழுது பார்த்தார்கள் என்பதை, தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பழைய படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். வாங்குகிறவருக்கு அது வண்டியின் வரலாறு. விற்றாலும் விற்காவிட்டாலும், உங்கள் பிள்ளைகளுக்கு அது தாத்தாவின் வரலாறு.

“ஓடாத வண்டிதானே, எடைக்கு எடுத்துக்கிறேன்” என்று யாராவது வாசலில் வந்து நின்றால் அவசரப்படாதீர்கள். முதலில் கிராண்டைத் தேடி எடுங்கள்.