மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிக்கும் சாறு

"மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்னு சொன்னாங்க டாக்டர். அதான் நிறுத்திட்டு இயற்கையா பார்த்துக்கிட்டேன்." தைப்பிங் வட்டாரத்தில் இனிப்புநீர் நோயாளிகளைப் பார்த்துவரும் என் காதில் அண்மைக் காலமாக இது விழாத வாரமே இல்லை. கமுந்திங், சிம்பாங், சங்காட் ஜெரிங் என்று எங்கிருந்து வந்தாலும் கதை ஒன்றுதான். சொல்பவரின் கால் விரல் அதற்குள் கறுத்திருக்கும், அல்லது முகம் வீங்கியிருக்கும்.

உணவால் நோயைக் கட்டுப்படுத்த முடியும் என்று நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கையின் பெயரைச் சொல்லி மக்களைச் சாகவிடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தோட்டம் போனது, தட்டு மாறவில்லை

2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. நம் வீடுகளில் ஏறக்குறைய மூன்று பெரியவர்களுக்கு ஒருவர்.

அன்று தோட்டத்தில் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்று, மேடும் பள்ளமும் ஏறி இறங்கிப் பால்மரம் சீவி, வாளி சுமந்த உடம்புக்குத் தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. லயத்தை விட்டு வந்த பிள்ளைகள் இன்று லோரி ஓட்டுகிறார்கள், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள். சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. அதோடு பசியாற ரொட்டி சானாய், கட்டிப்பால் ஊற்றிய தே தாரிக். கட்டிப்பாலில் ஏறத்தாழ பாதி சீனி. மாலையில் த்ரீ-இன்-ஒன் காப்பி, அதிலும் சீனி.

கிட்னியைக் கெடுப்பது எது?

இனிப்புநீருக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. கட்டுக்கடங்காத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான் கெடுக்கின்றன. நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இனிப்புநீரால் சிறுநீரகத்தை இழந்தவர்கள். சிறுநீரகம் பழுதான பின் மெட்ஃபோர்மினின் அளவைக் குறைக்கிறோம், சில வேளை நிறுத்துகிறோம். அதைப் பார்த்துப் பழியை மாத்திரை மேல் போட்டுவிடுகிறார்கள். இயற்கை வேண்டும் என்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: மெட்ஃபோர்மினுக்கு அடிப்படையே ஐரோப்பாவில் மூலிகையாகப் பயன்பட்ட கலேகா என்ற செடிதான். 1957இல் பிரான்சில் மருந்தாக வந்தது.

அடுத்தது பெலிம்பிங் பூலோ. கொல்லையில் காய்க்கிறது, கொழுப்பைக் கரைக்கும் என்று சாறு பிழிந்து குடிக்கிறார்கள். குழம்பில் இரண்டு காய் போடுவது வேறு, வெறும் வயிற்றில் ஒரு குவளைச் சாறு குடிப்பது வேறு. அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிகமாகிறது. கேரளத்தில் இப்படிக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்தார்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் நட்சத்திர வடிவப் பெலிம்பிங் பழத்தையும் தொடவே கூடாது. விடாத விக்கலில் ஆரம்பித்து, குழப்பம், வலிப்பு, உயிரிழப்பு வரை போகும்.

பாகற்காய் நல்ல காய். ஆனால் இனிப்புநீரைக் குணப்படுத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைட் மாத்திரையையும் போட்டுக்கொண்டு பாகற்காய்ச் சாற்றையும் குடித்தால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி மயங்கி விழலாம். வெந்தயத்தின் நார்ச்சத்து ஓரளவு உதவும். அவ்வளவுதான், அது மாத்திரைக்கு மாற்று ஆகாது. தேன், கருப்பட்டி, குலா மெலாக்கா எல்லாமே சர்க்கரைதான். உங்கள் இரத்தம் பெயரைப் பார்ப்பதில்லை.

எனக்கு அதிகம் கோபம் வருவது பசார் மாலாமிலும் கைப்பேசியிலும் விற்கும் ஜாமு மீதுதான். சுகாதார அமைச்சின் சோதனைகளில் இத்தகைய பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மீண்டும் மீண்டும் அகப்படுகிறது. இரண்டே நாளில் மூட்டுவலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் பூரிக்கும். சர்க்கரை எகிறும். பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பெட்டியில் "மால்" என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இல்லையா, வாங்காதீர்கள். வாங்கிக் கொடுத்தவர் சொந்த அண்ணனாகவே இருக்கட்டும்.

உணவு மருந்தாக வேண்டுமென்றால்

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிக நெருக்கமானது. நோயின் வாசலில் நின்றவர்களுக்கு உணவு மாற்றமும் நடையும் அபாயத்தை 28.5 விழுக்காடு குறைத்தன. மெட்ஃபோர்மின் குறைத்தது 26.4 விழுக்காடு. அதாவது, வாசலில் நிற்கும்போது சாப்பாடு மாத்திரைக்கு ஈடாகிறது. நோய் வந்தபின்னும் வழி உண்டு. பிரிட்டனில் 2017இல் வெளியான டைரெக்ட் ஆய்வில், நோய் கண்டு 6 ஆண்டுக்குள் இருந்தவர்கள் கடுமையான உணவுத் திட்டத்தால் எடையைக் குறைத்தார்கள். ஓராண்டில் 46 விழுக்காட்டினர் மாத்திரையின்றியே நோயின் எல்லைக்கு வெளியே வந்தார்கள். ஆனால் அவர்கள் இன்சுலின் போடாதவர்கள், மாத்திரையை நிறுத்தியதும் மருத்துவக் கண்காணிப்பில்தான். இந்தப் பாதியைத்தான் காணொளியில் பேசுகிறவர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து உடலைச் சுத்தப்படுத்தும் பவுடர் வாங்க வேண்டாம். அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" போதும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு, பாதி காய்கறி. கங்கோங், சாவி, பயத்தங்காய், தெம்பே எல்லாம் நம் சந்தையில் மலிவு. கெம்போங் மீனில் இருதயத்துக்கு நல்ல ஒமேகா-3 இருக்கிறது, வெளிநாட்டு மீனெண்ணெய் மாத்திரை தேவையில்லை. காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் தொடுங்கள், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும். பிறகு பத்து நிமிடம் நடங்கள்.

புரட்டாசி விரதத்தில் பலருக்குச் சர்க்கரை ஏறுவதைப் பார்க்கிறேன். மீன் நின்ற இடத்தில் உருளைக்கிழங்குப் பிரட்டலும் அப்பளமும் பாயசமும் வந்துவிடுகின்றன. விரதம் இருங்கள், பருப்பும் கடலையும் தெம்பேயும் சேர்த்து இருங்கள். நெடுநாள் மெட்ஃபோர்மின் எடுக்கும் சைவக்காரர்களுக்கு பி12 குறையலாம். கால் மரத்துப்போனால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்க்கரைக்கு எச்பிஏ1சி, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், கண், கால்: தவறாமல் பாருங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு ரிங்கிட். அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு பேக்கா பி40 திட்டத்தில் பரிசோதனை இலவசம். தாகமும் இரவில் அடிக்கடி சிறுநீரும் வரும்வரை காத்திருக்காதீர்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நோய் இருந்தால் முப்பதிலேயே போய்ப் பாருங்கள். வீட்டில் சமைக்கிற அக்காமார்களே, நோயாளிக்கென்று தனியாகச் சமைக்காதீர்கள். பிள்ளைகளும் அதே தட்டில் சாப்பிடட்டும், அடுத்தது அவர்கள் முறை ஆகிவிடக் கூடாது.

சாறோ கஷாயமோ குடித்துத்தான் தீருவேன் என்றால் மாத்திரையை நிறுத்தாமல், எங்களிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள போத்தல், பொட்டலம், பவுடர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். திட்டமாட்டோம். எதை வைத்துக்கொள்ளலாம், எதை வீசலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.