பெட்டி ஒரு மாடல், கருவி வேறு மாடல்

பயனீட்டாளர் கலந்துரையாடலில் நான் பேசியதை இங்கே சுருக்கித் தருகிறேன்.

கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, மகனுக்காகப் பயன்படுத்திய கைத்தொலைபேசி ஒன்றை 600 ரிங்கிட்டுக்கு வாங்கி வந்தார். "தம்பி, பெட்டியோடயே கொடுத்தாங்க, புதுசு மாதிரி இருக்கு பாருங்க" என்றார். *#06# என்று அழுத்தச் சொன்னேன். திரையில் 15 இலக்க எண் வந்தது. பெட்டியில் இருந்த எண்ணோ வேறு!

ஐஎம்இஐ எனப்படும் இந்த எண் கருவிக்கு உரியது. சிம் கார்டை மாற்றினாலும் இது மாறாது. இதன் முதல் 8 இலக்கங்கள்தாம் மாடலைக் காட்டுபவை. ஜிஎஸ்எம்ஏ என்ற அனைத்துலக அமைப்பின் ஏற்பாட்டில் அவை ஒதுக்கப்படுகின்றன. தொடக்கத்தில் 35 இருந்தால் பிரிட்டனிலுள்ள அமைப்பு ஒதுக்கியது, 86 என்றால் சீனாவில், 91 என்றால் இந்தியாவில். பலர் இதைக் கருவி தயாரான நாடு என்று நினைக்கிறார்கள். கடைக்காரர்களே அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு.

அடுத்த 6 இலக்கங்கள் வரிசை எண். ஆகவே ஒரு குறியீட்டில் 10 லட்சம் கருவிகள்தாம் அடங்கும். அதற்கு மேல் விற்கும் மாடலுக்குப் பல குறியீடுகள் வேண்டும். கடைசி இலக்கம், முன்னுள்ள 14 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. எழுதும்போது ஓர் இலக்கம் பிசகினாலும் கணக்கு இடிக்கும். ஆனால் வேறொரு கருவியின் எண்ணை முழுதாகக் களவாடிப் பதித்தால் இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்காது.

அக்காவின் கருவியில் வந்த 8 இலக்கங்களை இணையத்தில் தட்டிப் பார்த்தோம். பெட்டியில் போட்டிருந்ததைவிடப் பழைய மாடல்! மேல் கூடு மட்டும் புதிது. ரசீது இருந்ததால் பணம் திரும்பியது. அதிலும் 50 ரிங்கிட்டைக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

இந்த எண்ணைக் கண்டவரிடமும் காட்டவும் கூடாது. 2017 அக்டோபரில், மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்தது வெளிச்சத்துக்கு வந்தது நினைவிருக்கும். பெயர், முகவரியோடு ஐஎம்இஐ எண்களும் அதில் இருந்தன. அந்த எண் கையில் இருந்தால், யார் எந்த மாடல் வைத்திருக்கிறார் என்பதையும் அறிந்துகொள்ளலாம் அல்லவா? புதுக் கைத்தொலைபேசி வாங்கியதும் பெட்டியைப் படமெடுத்து முகநூலில் போடுகிறவர்கள் அந்த ஒட்டுத்தாளை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

எண்ணை ஒரு தாளில் எழுதி, ரசீதோடு வீட்டில் வையுங்கள். கருவி களவு போனால் போலீஸ் புகாரில் குறிப்பிட அதுதான் உதவும். இரண்டு சிம் போடும் கருவிக்குப் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.