காதர்பேட்டைச் சரக்கும் ஆன்லைன் லாபமும்

திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காதர்பேட்டையில் பனியன், டி-ஷர்ட், குழந்தைகள் உடை எல்லாம் மொத்த விலைக்குக் கிடைக்கும். ஆன்லைனில் ஆடை விற்க நினைப்பவர்கள் பலர் முதல் சரக்கை இங்கேதான் எடுக்கிறார்கள். சேலைக்குச் சேலம் அருகே இளம்பிள்ளை. பொதுவான ஜவுளிக்கு, திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஈரோடு வாரச் சந்தை.

காதர்பேட்டையில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு டி-ஷர்ட்டுகள் ஒரே சரக்காக இருக்க வேண்டியதில்லை. உள்நாட்டு விற்பனைக்கென்றே தைத்தது ஒரு வகை. வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்து மிஞ்சிய ‘சர்ப்ளஸ்’ இன்னொன்று. கறை, ஓட்டை, தையல் பிசகு உள்ள ‘செகண்ட்ஸ்’ மூன்றாவது. சர்ப்ளஸில் துணி நன்றாக இருக்கும், விலையும் குறையும். ஆனால் அந்த லாட் தீர்ந்தால் அதே டிசைன் திரும்பக் கிடைக்காது. படமெடுத்து, பட்டியலிட்டு, நல்ல மதிப்புரைகள் சேரும் நேரத்தில் சரக்கு நின்றுபோனால் செய்த வேலை முழுவதும் வீண். ஆன்லைனுக்குத் தொடர்ந்து கிடைக்கும் உள்நாட்டுச் சரக்கே பொருத்தம்.

துணியின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற கணக்கில் சொல்வார்கள். 180 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் எடை. அதைவிட முக்கியமான சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பீஸை வாங்கி வந்து துவைத்துக் காயப்போட்டால் போதும். மட்டமான துணியாக இருந்தால் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடும், நீளமும் சுருங்கும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும். நூறு பீஸ் எடுப்பதற்கு முன் இந்தச் சோதனைக்கு ஒரு நாளைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும்.

மொத்த வியாபாரிகள் பெரும்பாலும் எம், எல், எக்ஸ்எல் சேர்ந்த செட்டாகத்தான் கொடுப்பார்கள். ஓடும் சைஸ் முதலில் தீரும். ஓடாத சைஸ் வீட்டில் தங்கும். போட்ட முதல் அதிலேயே முடங்கும்.

விலை வித்தியாசத்தையே லாபமாக எண்ணுவதுதான் புதியவர்களின் பெரிய தவறு. ஓர் உதாரணக் கணக்கு: வரி நீங்கலாக 120 ரூபாய்க்கு வாங்கிய டி-ஷர்ட் 249 ரூபாய்க்கு விற்கிறது. அதில் 5 சதவீத ஜிஎஸ்டி போக 237. விற்பனைத் தளக் கட்டணமும் கூரியரும் 70, பேக்கிங் 7 என்று வைத்தால் மிச்சம் 40 ரூபாய். நூறு ஆர்டரில் 20 திரும்பி வந்தால், நிலைத்த 80 விற்பனையில் 3,200 ரூபாய் கிடைக்கும். திரும்பிய ஒவ்வொன்றுக்கும் கூரியர் 100 என்றால் 2,000, வீணான பேக்கிங் 140 கழியும். திரும்பியவற்றில் நான்கு அழுக்காகி விற்க முடியாமல் போனால் இன்னும் 480. கையில் நிற்பது 580 ரூபாய்.

திரும்பி வருவதைக் குறைக்க, மார்புச் சுற்றளவையும் நீளத்தையும் அங்குலத்தில் அளந்து பட்டியலில் போடுவது மிகவும் உதவும். சைஸ் எழுத்து தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்; அங்குலம் மாறாது.

விற்பனைத் தளங்கள் வழியாக மாநிலம் தாண்டி விற்க ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் 1 முதல் விலக்கு உண்டு. அவர்கள் ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். பதிவு பெற்றவர் கொள்முதலுக்கு முறையான பில் வாங்காவிட்டால், கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் வரி.

தங்கிப்போன சைஸ்களை அடுத்த சீசன் வரை அடுக்கி வைப்பதைவிட, உள்ளூர்ச் சந்தைக் கடைக்காரரிடம் வாங்கிய விலைக்கோ சற்றுக் குறைத்தோ தள்ளிவிடலாம். அந்தப் பணத்தில் ஓடும் சைஸை மறுபடி எடுக்க முடியும்.