உஷார்! 'நெக்ஸ்ட்' அழுத்துவதும் கைநாட்டுதான்

புதுக்கோட்டை மாவட்டம் அறந்தாங்கியில் எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர் வீட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். மூடியில் தமிழக அரசு முத்திரை பதித்த லேப்டாப். மகன் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்தது. மகன் வேலைக்குப் போனதும் அம்மாவுக்கு வந்துவிட்டது. திரையின் வலது கீழ் மூலையில் நிமிடத்துக்கு ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது. 'உங்கள் கணினியில் 5 வைரஸ்!' என்று ஒன்று. அது மறைவதற்குள் ரம்மி விளம்பரம். அடுத்தது, சொல்லவே கூசுகிற ஒரு படம். டீச்சர் இடது கையால் அந்த மூலையை மறைத்துக்கொண்டு, வலது கையால் வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணுமே பண்ணலையே தம்பி. தமிழ்ல டைப் அடிக்க ஒரு சாஃப்ட்வேர் இறக்குனேன். அது கேட்டதுக்கெல்லாம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு குடுத்தேன். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்'-இல்தான் முழு விபரீதமும் இருக்கிறது.

கைநாட்டு என்றால் என்னவென்று புதுக்கோட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1991-இல், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் இங்கே ஊர் ஊராகப் போனது. கல் குவாரிப் பெண்கள் தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள், கையோடு சைக்கிளும் பழகினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எவன் நீட்டுகிற தாளிலும் விரலை வைக்காதே என்பதுதான் அதன் சாரம். இன்று அதே மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், ஏன், பாடமே நடத்துகிறவர்கள், திரையில் நீட்டுகிற தாளில் படிக்காமலே விரலை வைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் வைத்தவன்தான்.

டீச்சர் மாட்டிக்கொண்டது எப்படி என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். கூகுளில் தேடியிருக்கிறார். வந்த பக்கத்தில் 'டவுன்லோடு' என்று பச்சை நிறத்தில் பெரிய பொத்தான்கள் மூன்று. மூன்றுமே விளம்பரங்கள். உண்மையானது கீழே, பொடி எழுத்தில். பச்சையைத் தட்டியதும் இறங்கிய பொதிக்குள் கேட்டதோடு கேட்காததும் சேர்ந்து வந்தது: ஒரு டூல்பார், 'கணினி வேகத்தைக் கூட்டும்' ஒரு மென்பொருள், முகப்புப் பக்கத்தை மாற்றிவிடும் ஒரு தேடல் தளம். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் அனுமதி கேட்டிருக்கிறது. முன்கூட்டியே 'டிக்' போட்டுவைத்துவிட்டுக் கேட்டிருக்கிறது. இவர் நெக்ஸ்ட் கொடுத்தார். இத்தனைக்கும் தமிழ்99 விசைப்பலகை இப்போதைய விண்டோசுக்குள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் போய்ச் சேர்த்தால் போதும், எங்கும் போய் எதையும் இறக்க வேண்டியதில்லை.

இதை வெறும் விளம்பரத் தொல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2017-இல் 'ஃபயர்பால்' என்ற விளம்பர மென்பொருளைச் செக்பாயிண்ட் நிறுவனம் அம்பலப்படுத்தியது. பெய்ஜிங்கைச் சேர்ந்த ஒரு விளம்பர நிறுவனம், இலவச மென்பொருள்களின் முதுகில் ஏற்றி அனுப்பியது அது. உலகம் முழுக்க 25 கோடி கணினிகள், அதில் இரண்டரைக் கோடிக்கு மேல் இந்தியாவில் என்று செக்பாயிண்ட் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கு ஊதிப் பெரிதாக்கப்பட்டது என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எண்ணிக்கையில் இருவரும் அடித்துக்கொள்ளட்டும். முகப்புப் பக்கத்தை மாற்றிய அதே மென்பொருள், நினைத்தால் அந்தக் கணினியில் வேறு எதையும் இறக்கி ஓட்டக்கூடியதாக இருந்தது. அதுதான் வயிற்றைக் கலக்குகிற விஷயம். இன்று திண்ணையில் படுக்க இடம் கேட்பவன் நாளை பீரோ சாவி எங்கே என்று தேடுவான்.

பீரோவைத் தேடுகிற ரகம்தான் உளவு மென்பொருள். அது விளம்பரம் காட்டாது, சத்தமே போடாது. பிரவுசரில் நீங்கள் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகள், ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கும் கணக்குகளின் குக்கிகள் எல்லாவற்றையும் சில நிமிடங்களில் வாரிக்கொண்டு போய்விடும். 'லும்மா' என்று ஒன்று. 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவுக்குள், இரண்டே மாதத்தில், 3,94,000 விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அதன் தளங்களை நீதிமன்ற உத்தரவோடு முடக்கினார்கள். ஆனாலும் அது புகுந்த வழிமுறை சாகவில்லை.

அந்த வழிமுறையைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். ஏதோ ஒரு பக்கம் திறக்கிறீர்கள். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று வழக்கமான பெட்டி. தட்டினால், விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தச் சொல்கிறது. அடுத்து கன்ட்ரோலும் வி-யும். அடுத்து என்டர். உங்களுக்கே தெரியாமல் அந்தப் பக்கம் ஒரு கட்டளையை நகலெடுத்து வைத்திருக்கிறது. அதை உங்கள் கையாலேயே ஒட்டி, உங்கள் கையாலேயே ஓடவிடுகிறீர்கள். எந்த நேர்மையான இணையப் பக்கமும் இந்த மூன்று காரியத்தைச் செய்யச் சொல்லாது. சொன்னால் அந்த நொடியே மூடிவிடுங்கள்.

'என் வீட்டுக் கணினியில் என்ன இருக்கிறது திருட?' என்று கேட்பவர்களுக்குக் கூடங்குளத்தை நினைவூட்டுகிறேன். 2019 செப்டம்பரில் அங்கே ஒரு கணினியில் 'டிட்ராக்' என்ற உளவு மென்பொருள் இருப்பது தெரியவந்தது. முதலில் மறுப்பு வந்தது. அடுத்த நாளே, அக்டோபர் 30-ஆம் தேதி, அணுமின் கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை. மாட்டியது இணையத்தோடு இணைந்திருந்த, நிர்வாக வேலைக்கான ஒரு சாதாரணக் கணினி. அணுமின் நிலையத்துக்குள்ளேயே ஒரு மேசைக் கணினிக்குள் நுழைய முடிகிறதென்றால், ஆலங்குடியில் ஒரு வீட்டுக் கணினி எந்த மூலை?

சர்வீஸ் கடைகளையும் சொல்லத்தான் வேண்டும். சில நூறு ரூபாய்க்கு விண்டோஸ் போட்டுத் தருகிறார்கள். அதைத் திருட்டுத்தனமாக உயிர்ப்பிக்க ஒரு 'கிராக்' ஓட்ட வேண்டும். ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும். காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டு வீட்டுக்குள் வருகிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று எப்படி நம்புவது?

இன்னொன்று, கணினியின் வயது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த அரசு லேப்டாப்புகள் பலவற்றில் 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் உருவாக்கியது. விண்டோசுக்காக எழுதப்பட்ட இந்தக் குப்பைகள் அதில் ஓடாது. ஆனால், நான் பார்த்த ஒரு வீட்டிலும் அதைத் திறந்த அறிகுறியே இல்லை. பழைய கணினிதான் கதி என்றால், புதிதாக ஏதாவது ஒரு லினக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள்.

டீச்சர் கணினியை அன்றைக்குச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் ஆனது. கன்ட்ரோல் பேனலில் நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தி, அந்த ஒரே நாளில் வந்திருந்த நான்கு மென்பொருளையும் நீக்கினோம். குரோமில் அவர் போடாத எக்ஸ்டென்ஷன் இரண்டு. விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன். பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றினோம். அதுவும் அந்தக் கணினியில் மாற்றவில்லை, அவர் போனில். மூலையில் எட்டிப் பார்த்தவை வைரஸே இல்லை. நோட்டிஃபிகேஷன்கள். என்றைக்கோ ஏதேதோ தளங்கள் அவற்றை அனுப்ப 'அலவ்' கேட்க, இவர் கொடுத்திருக்கிறார். அப்படி அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியலில் பதினோரு பெயர்கள் இருந்தன. ஒன்றைக்கூட அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

திரை முழுக்கச் சிவப்பாகி, 'மைக்ரோசாஃப்ட் உதவி எண்ணை அழையுங்கள்' என்று வந்தால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி, திறக்கிற டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். சுத்தம் செய்யும் கருவி வேண்டுமென்றால், 2017 முதல் மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா இலவசமாகத் தருகிறது. அதன் இணைய முகவரி சிஎஸ்கே டாட் ஜிஓவி டாட் இன். பணமே போய்விட்டதா? யோசிக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

இன்று இரவு கணினியை அணைக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். குரோமின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் வரை போங்கள். அங்கே உங்களுக்குத் தெரியாத பெயர் எதுவாக இருந்தாலும் நீக்குங்கள்.