பேக்கப் இருக்கு... ஆனா ஃபைலைத் தேட முடியலையா? காரணம் இதுதான்!

மூணு மாசத்துக்கு முன்னாடி எடுத்த பேக்கப் டேப்பில் பத்திரமா இருக்கு. ஆனா, அதிலிருந்து ஒரே ஒரு ஃபைலை மட்டும் எடுக்கப் போனா பட்டியலே வரல. சர்வர்களுக்கான ஓப்பன் சோர்ஸ் பேக்கப் மென்பொருளான பாக்குலாவில் இது நடக்கலாம்.

எந்த ஃபைல் எந்த டேப்பில் இருக்கிறது என்ற விவரம், ‘கேட்டலாக்’ எனும் தனி டேட்டாபேஸில் இருக்கும். செட்டிங்கை மாற்றாவிட்டால் ஃபைல் விவரம் 60 நாள், ஜாப் விவரம் 180 நாள், டேப் 365 நாள். 60 நாள் தாண்டினால் ஃபைல் விவரம் நீக்கப்படும். புத்தகம் அப்படியே இருக்க, பொருளடக்கத்தை மட்டும் கிழித்த கதைதான்!

ஏன் இப்படி? ஒவ்வொரு பேக்கப்பிலும் ஃபைலுக்கு ஒரு வரி சேர்வதால், டேட்டாபேஸ் ஊதிக்கொண்டே போகும்.

விவரம் போய்விட்டால், பெரும்பாலும் அந்த பேக்கப் முழுவதையும் ரீஸ்டோர் செய்யணும். இல்லையென்றால், ‘பிஸ்கேன்’ கருவி மூலம் டேப்பைப் படித்து விவரத்தை மறுபடி சேர்க்கணும். இதற்கு நேரம் பிடிக்கும்.

டிஸ்கில் இடம் இருந்தால் ஃபைல், ஜாப் விவரங்கள் இரண்டையும் 365 நாள் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் டேப்பின் காலத்தையும் கூட்டணும். மூன்றில் குறைந்த காலம்தான் செல்லும். முக்கியமாக, பூல் செட்டிங்கில் செய்யும் மாற்றம் ஏற்கெனவே உள்ள டேப்களுக்குத் தானாகப் போகாது. ‘அப்டேட்’ கட்டளையைத் தனியாகக் கொடுக்கணும்.